அட்டையைப் பார்த்துச் செய்த வைத்தியம்

"இது மனசு சம்பந்தப்பட்டது. ஒரு ஊசி போட்டா தூங்கிடுவாங்க."

வாருங்கள், வாசகப் பெருமக்களே! அவசர சிகிச்சைப் பிரிவின் இந்த ஓரக் கட்டிலருகே வந்து, நடக்கும் அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள். காலையில் தையல் இயந்திரத்தின்முன் சரிந்து விழுந்த ஒருத்தி கிடக்கிறாள். தாடை இழுக்கிறது, இடக்கை மரத்துவிட்டது, நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை. மருத்துவரோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமாட்டிலிருந்த கைப்பையில் செவிலியர் கண்டெடுத்த மாத்திரை அட்டையைப் பார்க்கிறார். மனநோய்க்கான மாத்திரை. விசாரணையே இல்லை, தீர்ப்பு முடிந்துவிட்டது!

சீட்டுப் பதியப் போயிருந்த அண்ணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"டாக்டர், என் நாத்தனார் எந்த மாத்திரையும் சாப்பிடறதில்லையே!"

"அதாம்மா பிரச்சினையே. சாப்பிடாம விட்டதாலதான் இப்படி ஆகுது."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இந்த மாத்திரை சாப்பிடறவங்க ஆயிரம் சொல்வாங்க," என்று செவிலியர் சிரித்தார். "அவங்க பேச்சையெல்லாம் காதுல வாங்கினா எங்க வேலை நடந்த மாதிரிதான்."

சொல்ல வந்ததை அண்ணி அப்படியே விழுங்கினாள்.

"சரி டாக்டர், மனநோய்னே வச்சுக்குவோம். மனசு சரியில்லாதவங்களுக்கு இதயம் இருக்காதா?"

"இருக்கும்... அதுக்காக..."

"அப்ப அதுக்கு ஒரு ஈசிஜி எடுங்க. நல்லா இருந்துச்சுன்னா ஊசி போடுங்க, நானே கையைப் புடிச்சுக்கறேன். எடுக்க மாட்டீங்கன்னா, ஏன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

குரல் உயரவில்லை; சொல் ஒன்றும் பிசகவில்லை. கையெழுத்து என்றதும் மருத்துவரின் பேனா சட்டைப்பைக்குள் ஒளிந்தது. ஈசிஜி இயந்திரம் கட்டிலுக்கு உருண்டு வந்தது.

தாளில் ஓடிய கோட்டைக் கண்டு மருத்துவரின் முகம் வெளுத்தது.

"மாரடைப்பு! கட்டிலைத் தள்ளுங்க, சீக்கிரம்!"

அடைபட்ட இரத்தக்குழாய் திறந்தது. போகவிருந்த உயிர் திரும்பி வந்து, வந்ததும் வாயாடியது.

"அண்ணி, பைத்தியம்னு பட்டமே குடுத்துட்டாங்க. இனிமே என்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்ல முடியாது பாருங்க."

"பட்டத்துக்கும் பாத்திரத்துக்கும் சம்பந்தமில்லடி. முதல்ல எழுந்து நட," என்ற அண்ணியின் கண்கள் நிறைந்திருந்தன.

மருத்துவர் தலைகுனிந்து வந்து நின்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. அந்த ஊசியைப் போட்டுத் தூங்க வச்சிருந்தா, எழுந்திருச்சே இருக்க மாட்டாங்க. நல்லவேளை, உங்களை மாதிரி புத்தித் தெளிவான ஒருத்தர் கூடவே வந்தாங்க."

அண்ணி கையை நீட்டினாள்.

"அந்த அட்டையைக் குடுங்க டாக்டர். அவ தலைமாட்டுல இருந்தது என் கைப்பை. மத்தியான மாத்திரைக்கு நேரமாச்சு எனக்கு."

கேட்டீர்களா, பெருமக்களே? அடுத்த கட்டிலில் ஒருவர் வலிக்கிறது என்றால், அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்!