கதவோரப் பலகை

"நீ அந்தப் பக்கம் உட்காருடி. கதவோரம் எனக்கு. மூச்சு முட்டினா எழுந்து ஓடிடலாம் பாரு!"

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரப் பலகையில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள் அம்மா. மகள் உள்ளே நகர்ந்து எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். முட்டியோடு முட்டி இடிக்காமல் இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவுதான் அந்த மரப்பெட்டி. வாசலில் 'இன்ஃப்ராரெட் சானா - வெப்ப சிகிச்சைப் பெட்டி' என்று எழுதியிருந்தது. அம்மா அதற்கு வைத்த பெயர் ரொட்டி அடுப்பு.

"வெந்ததும் சொல்லும்மா, திருப்பிப் போடறேன்" என்றாள் மகள்.

"போடி, வாயாடி."

அம்மாவுக்குச் சொரியாசிஸ். முழங்கையிலும் முதுகிலும் தோல் வெள்ளை வெள்ளையாய்ச் செதில் செதிலாக உதிரும். பாதி ஆயுசுக்கும் மேலான சகவாசம் அது. அரிப்பெடுத்தால் அம்மா சொறிய மாட்டாள். சொறிந்தால் புண்ணாகிவிடும் என்று உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுப்பாள். அம்மா மனசுக்குள் பாடித் தாளம் போடுகிறாள் என்றே சின்ன வயசில் மகள் நினைத்திருந்தாள்.

தனக்கென்று ஒரு மாத்திரைகூடச் சட்டென்று வாங்கிக்கொள்ளாத அம்மா, இந்த வெப்ப சிகிச்சைக்கு மட்டும் ஒற்றைக் காலில் நின்றாள். "சிலருக்கு இதமா இருக்கும், சிலருக்கு ஒத்துக்காது. களிம்பை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் தோல் டாக்டர். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். பெட்டிக்குள் தனியாக உட்காரப் பயமாம். மகளும் கூடவே உட்கார வேண்டும்.

"இப்படிக் கொஞ்சம் திரும்பி உட்காரு. உன் கால் என் கால்ல இடிக்குது."

"இடிக்கவே இல்லையேம்மா!"

"சொன்னா கேளு."

இடது கால் சுவர்ப் பக்கம் வரும்படி மகள் திரும்பி உட்கார்ந்தாள். மடியில் இருந்த துண்டை முழங்காலுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் அவளுடைய இடது முட்டியிலும் ஒரு வட்டம் வந்திருந்தது. அதே சிவப்பு, அதே வெள்ளைச் செதில். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள் அவள். சத்தமில்லாமல் கணுக்கால் வரை நீளும் நீச்சல் உடுப்புக்கு மாறியிருந்தாள். கேட்ட அம்மாவிடம், "வெயில்ல கறுத்துப்போறேன்" என்று சொல்லிவைத்தாள். டாக்டருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி அது. வேறு யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.

ஏன் என்பதை அம்மாவே அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னாள்.

"எங்கம்மாகிட்டேருந்து எனக்கு வந்துது. நீ பொறந்தப்போ, குளிப்பாட்டுறப்பல்லாம் உன்னைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். பக்கத்துல படுக்க வெச்சுக்கவே பயம். ஒட்டாதும்மா, ஒட்டாதும்மான்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டார். மனசு கேட்டாத்தானே? நல்லவேளை, என்னோட நின்னுபோச்சு."

"ஆமாம்மா" என்றாள் மகள்.

"இந்தப் பயத்துல உன்னைச் சரியாத் தூக்கிக் கொஞ்சக்கூட இல்லடி நான்."

"இப்போ தூக்கேன், பார்க்கலாம்!"

"நல்லா இருக்கே! அப்புறம் என் இடுப்புக்கு வேற ஒரு பெட்டி தேடணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சுவர்ப் பலகைக்குப் பின்னாலிருந்து வெப்பம் கசிந்து கசிந்து வந்தது. மகளுக்குக் கழுத்தும் முதுகும் வேர்த்து வழிந்தது. முட்டியில் இருந்த இறுக்கம் தளர்ந்ததுபோல் இருந்தது. சில நாளாகவே அரிப்பு கொஞ்சம் அடங்கித்தான் இருக்கிறது. அம்மாவின் பேரைச் சொல்லித் திருட்டுத்தனமாய்க் குளிர் காய்கிறோமே என்று அவளுக்குக் குறுகுறுத்தது.

"உனக்கு வேர்க்கவே இல்லையேம்மா?"

"எனக்கெங்கே வேர்க்கும்? இருந்ததெல்லாம் அடுப்படியிலேயே வடிஞ்சுபோச்சு."

மகள் சிரித்தாள். அவளை அறியாமல் அவள் கை துண்டுக்கு மேலே முட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் கண் அங்கே போனதும் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"என்னடி தாளம்?"

"அது... ஒரு பாட்டு ஞாபகம் வந்துதும்மா."

"பாடு, பாடு" என்றாள் அம்மா.

மணி அடித்தது. அம்மா முதலில் எழுந்து உடை மாற்றப் போனாள். இரண்டு பலகையையும் துடைத்துவிட்டு வரலாமென்று மகள் நின்றாள். அம்மா சாய்ந்திருந்த பக்கத்தில் கை பட்டதும் திடுக்கிட்டாள். அங்கே சூடே இல்லை. வெறும் மரம்.

"அக்கா, இங்கே வாங்களேன்!" பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஓடி வந்தாள். "இந்தப் பக்கம் வேலையே செய்யலை! பாவம், அம்மா இத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருக்காங்க!"

"அது நல்லாத்தாம்மா இருக்கு. அந்தப் பக்கத்து சுவிட்சைப் போடவே கூடாதுன்னு முதல் நாளே அம்மா சொல்லிட்டாங்களே! அவங்க தோலுக்குச் சூடு பட்டா எரியுமாம், ஒத்துக்காதாம். எம்பொண்ணுக்கு மட்டும் போடு, இடது முட்டிக்கு நேரா நல்லா வரட்டும்னாங்க."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! 'எனக்குத் தெரியும்னு எம்பொண்ணுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா, சொல்லிடாதே'ன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்களே..."

உடை மாற்றும் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"உள்ளே இன்னும் என்னடி பண்றே? பாட்டு முடியலையா?"