குழிக்குக் காவல் நின்ற கிளை

தெருமுனையில் பாதாளச் சாக்கடையின் மூடி உடைந்துபோனதும், இட்லிக்கடை பல்கீஸ் ஒரு பூவரசங்கிளையை ஒடித்து, சிவப்புத் துணி கட்டி, குழிக்குள் செருகி வைத்தாள்.

மழைக்காலம் முழுக்கக் கிளை கண்ணை மூடவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதும் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, "ஒதுங்கிப் போங்க, ஒதுங்கிப் போங்க" என்று ஆடிக்கொண்டே இருந்தது. ஜனங்களும் அதைப் பார்த்து, மாநகராட்சியைத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள்.

ஒருநாள் மாநகராட்சி வண்டி புது மூடியைக் கொண்டுவந்து இறக்கியது. ஊழியர்கள் கிளையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். மூடியைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மூடியின் மேல் திமுதிமுவென்று ஓடினார்கள். ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உன்னையாவது எல்லாரும் பார்த்தாங்க. நான் வந்ததே யாருக்கும் தெரியலையே" என்று முணுமுணுத்தது மூடி.

மண்ணில் கிடந்த கிளை, பிள்ளைகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றது. "நீ நல்லா இருக்கணும். நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்."