இரவல் மைக்ராஸ்கோப்

"மிஸ், ஆபீசர் இன்னா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுங்க. சாயங்காலம் லாரி வந்து எல்லாத்தையும் எடுத்துகினு பூடும்" என்றபடி பன்னிரண்டாவது மைக்ராஸ்கோப்பை மேசைமேல் வைத்தார் லேப் அட்டெண்டர் அந்தோணிசாமி.

பியூலாவுக்கு ஆத்திரமாக வந்தது. முடிச்சூர் ரோட்டிலிருந்த அந்தப் பெண்கள் கல்லூரியில் அவள் விலங்கியல் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வருஷம் முழுக்க லேப் காலி. இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் கருவிகள் எங்கிருந்தோ வந்து இறங்கும். மைக்ராஸ்கோப்பைத் தொட்டே பார்க்காத பெண்கள் பிராக்டிகலில் எப்படித் தேறுவார்கள்? எழுபத்தொன்று ஏப்ரல் பரீட்சையில் ஏழு பேர் கோட்டை விட்டார்கள். அதில் அஜீசா நல்ல கெட்டிக்காரி. படித்துக் கிழித்தது போதும் என்று அவளை வீட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் பதினெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.

கல்லூரிச் செயலாளர் வேதாசலத்திடம் கேட்டால், அடுத்த மானியம் வரட்டும், வாங்கிவிடலாம் என்பார். அதற்காக மனிதர் செக்ரடேரியட்டுக்கு நடையாய் நடந்தார். எந்த மந்திரி வீட்டில் என்ன விசேஷம் என்பது அவருக்கு அத்துப்படி. பியூலாவின் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவும் அவர் மேசையில்தான் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

பதினோரு மணிக்கு அரசு அதிகாரி கஸ்தூரிரங்கன் வந்தார். ஒவ்வொரு கருவியாகத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டார். வேதாசலம் காபி சொல்ல வராந்தாவுக்குப் போன நேரம் பார்த்து, வேலை போனால் போகட்டும் என்று பியூலா வாயைத் திறந்தாள்.

"சார், இதுல ஒண்ணுகூட எங்க காலேஜோடது இல்ல. இன்னிக்கு ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வெச்சிருக்காங்க. நீங்க உண்மையை எழுதினாத்தான் எங்க பொண்ணுங்க பாஸ் பண்ண முடியும்."

அவர் பேனாவை மூடினார். முகத்தில் கோபமே இல்லை.

"தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்கம்மா. பன்னிரண்டும் உங்க காலேஜோடதுதான். நாலு வருஷம் முன்னாடி மானியத்துல வாங்கினது, சேங்ஷன் பண்ணதே நான்தான். மத்த காலேஜுங்கதான் இன்ஸ்பெக்ஷனுக்கு உங்ககிட்ட வாடகைக்கு எடுக்கறாங்க" என்றவர், வராந்தா பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வேதாசலம் சார், வியாழக்கிழமை செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலேஜுக்கு இன்ஸ்பெக்ஷன் போறேன். லாரியைப் புதன்கிழமையே அனுப்பிடுங்க. போன மாசம் மாதிரி நான் போய்க் காத்துக் கிடக்கக் கூடாது."