சின்னவளின் கண்ணி

அம்மாவின் கட்டைவிரல் மஃப்ளரின் ஓரத்தைப் பிடித்து முதல் வரிசையில் இறங்கியது.

மூத்தவள் கிழித்த பார்சல் தாளைக் கசக்கிக்கொண்டு கட்டிலருகே நின்றாள். ஒட்டியதும் அவளே, கிழித்ததும் அவளே. சற்றுமுன் வாசலுக்குப் போய்த் தானே மணியை அடித்து, வராத கூரியர்காரருக்கு உரக்க நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்ததும் அவளேதான்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. விரல் மங்கவில்லை. அந்த விரலை ஏமாற்றிவிட்டால் போதும்.

வருஷா வருஷம் குளிர் தொடங்கும்போது சின்னவள் ஒரு மஃப்ளர் பின்னி அனுப்புவாள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். வந்து எட்டிப் பார்க்க நேரம் இருக்காது, மஃப்ளர் மட்டும் தவறாது. அதைத் தடவித் தடவி அம்மா பூரித்துப்போவாள். அந்த வீட்டில் ‘எம் பொண்ணு’ என்றால் சின்னவள். குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, போர்வை நழுவினால் எழுந்து போர்த்திவிடுகிறவளுக்குப் பெயர் ‘இவ’.

இந்த வருஷம் சின்னவள் அனுப்ப மாட்டாள்.

தங்கை வீட்டுக்காரர் பேசியபோது போனை எடுத்தது மூத்தவள்தான். கேட்டதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அங்கே போன் ரிப்பேர் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

பின்னுவது அவளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் முறையாகக் கற்றவள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அரைகுறையாகப் பிடித்துக்கொண்டாள். துணியைத் திருப்பிப் பின்னும் வரிசையில் ஊசி ஒவ்வொரு நூல் வளையத்துக்குள்ளும், அதாவது கண்ணிக்குள்ளும், முன்பக்கமாக நுழைய வேண்டும். சின்னவளோ மணிக்கட்டைத் திருகி, பின்னாலிருந்து கண்ணியின் பின்பக்க இழையில் குத்தி எடுப்பாள். ஒவ்வொரு கண்ணியும் முறுக்கிக்கொண்டு கெட்டியாக உட்காரும். துணியே ஒரு பக்கமாகச் சாயும்.

குறுக்கு வழியில் போய்த் தப்பு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். சின்னவள் சுற்று வழியில் போய்த் தப்பு செய்தாள்.

திருத்தப் போனவளை அம்மா தடுத்துவிட்டாள். அவ கை அவளுக்கு, விடு என்றாள். மூத்தவள் இலக்கணம் பிசகாமல் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் இன்றைக்கும் பீரோவுக்குள் பூச்சி உருண்டையோடு கிடக்கிறது.

இப்போது அந்தத் தப்பைத்தான் அவள் பாடம் படிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் ஊசிச் சத்தம் அம்மாவுக்குக் கேட்டுவிடும். அதனால் வேலை செய்யும் துணிக் கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில், போனை டிபன் பாக்ஸில் சாய்த்துவைத்து, வீடியோவில் முகம் தெரியாத ஒருத்தியின் கைகளைப் பார்த்துப் பழகினாள். அந்த வீடியோவில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அபூர்வமான பின்னலாம், எல்லோருக்கும் கைவராதாம். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

மணிக்கட்டு வீங்கியது. ஊசி முனை வழுக்கியது, வழுக்காதபோது நூலைப் பிளந்தது. ஆனால் விட்டுவிடுகிற ஆளா அவள்? கம்பெனியில் அவளுக்கு வேலையே பிழை பார்ப்பது. அவள் மேஜையைத் தாண்டி ஒரு கோணல் தையல் வெளியே போனதில்லை.

பாதி முடிந்த பிறகுதான் கவனித்தாள். பழக்க தோஷத்தில், கீழே எங்கேயோ நாலைந்து கண்ணிகளைச் சரியான முறையில் போட்டுவிட்டிருந்தாள்.

“யாருக்குக்கா தெரியப் போவுது?” என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

அம்மாவின் பழைய மஃப்ளர்களிலும் அப்படி அங்கங்கே முறுக்காத கண்ணிகள் உண்டு. துவைக்கும்போது பார்த்திருக்கிறாள். சின்னவள் பேசிக்கொண்டே பின்னுகிறவள், சிரிப்பு வந்தால் கை மறந்து நேர்வழிக்குப் போய்விடும். ஒரு தப்பைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லை என்று மூத்தவள் உதட்டைச் சுழித்தாள். அதுவரை பின்னியதைப் பிரித்துப்போட்டு, மறுபடி முறுக்கி முறுக்கிப் பின்னினாள்.

அம்மாவின் விரல் நடுப்பகுதியைத் தாண்டிவிட்டது. எங்கும் நிற்கவில்லை. கடைசி ஓரத்தைத் தொட்டது. அப்புறம் மறுபடி முதல் வரிசைக்கு வந்து, இந்த முறை மெதுவாகப் புறப்பட்டது, அரிசியில் கல் தேடுகிற மாதிரி.

மூத்தவள் கையிலிருந்த தாளை மேலும் கசக்கினாள்.

“ஒரு கண்ணி பிசகல. எவ்வளவு சுத்தமான கை” என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்து நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கியவள் மூத்தவள். கடைசியில் அது வந்தபோது, அதையும் தங்கைக்கே தாரை வார்த்தாள். சின்னவள் கை என்றால் சும்மாவா என்றாள்.

அம்மா மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளவில்லை. நாலாக மடித்து, குரல் வந்த திசையில் நீட்டினாள்.

“அவளுக்கு இந்தச் சுத்தம் என்னைக்கும் வராது. இது உன் கை. சொல்லு, எம் பொண்ணு எப்ப போய்ச் சேந்தா?”