பன்னிரண்டு எழுத்துக்குள்

'தோல்வி' என்று தட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

அழித்தாள்.

பல்கலைக்கழகம் ரெடிமேடாக வாங்கிப்போட்ட இணையதளம் அது. எந்த ஊரிலோ யாருக்கோ செய்தது. பத்து நாளாக அவள்தான் அதை ஆளாக்கிக்கொண்டிருக்கிறாள். நீலத்தைப் பச்சையாக்கினாள். யாருடைய சின்னத்தையோ தூக்கிவிட்டு இவர்கள் சின்னத்தை வைத்தாள். துணைவேந்தர் படத்தை மூன்று தடவை பெரிதாக்கினாள், கேட்டபடியே.

மிச்சம் ஒரே ஒரு கட்டம். தேர்வு முடிவுப் பக்கத்தில், 'ஃபெயில்' என்று ஆங்கிலத்தில் இருந்த இடம். அதற்குத் தமிழ் போட வேண்டும். நாலு மணிக்கு முடிவு வெளியாகிறது.

'மீண்டும் எழுதலாம்' என்று போட்டுப் பார்த்தாள்.

ம்ஹூம். பன்னிரண்டு எழுத்துக்கு மேல் வாங்காதாம். பாழாய்ப்போன தளம், புள்ளியையும் கொம்பையும்கூடத் தனித்தனி எழுத்தாக எண்ணியது.

'இன்னும் இல்லை.' பதின்மூன்று.

தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் இசக்கியப்பன் பின்னால் வந்து நின்றார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பக்கம் வெளியே போகும்.

"ஃபெயிலுன்னா ஃபெயிலுதானம்மா. அதுக்குப் போயி இம்புட்டு மெனக்கெடுத?"

அவள் கட்டத்தைக் காலியாக்கினாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இவர்களுடைய பழைய பக்கத்தில் தன் பெயருக்கு எதிரே அந்த வார்த்தையைப் பார்த்தவள் அவள். கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். வெறும் வெள்ளை. மறுதேர்வு எப்போது என்று யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. இரண்டு வருஷம் கேட்கவேயில்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

தட்டினாள்.

'அடுத்த முறை.'

பதினொன்று.

இசக்கியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். உதட்டைப் பிதுக்கினார். மணி மூன்று ஐம்பது. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"வில்லங்கம் வந்தா நீதான் பதில் சொல்லணும், ஆமா."

நாலு மணி.

நாலு ஏழுக்கு மேஜைத் தொலைபேசி அடித்தது. அவரே முந்திக்கொண்டு எடுத்து, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினார்.

ஒரு பெண். அழுது முடித்த குரல்.

"சார், எனக்கு அடுத்த முறைன்னு போட்டிருக்கு. எப்ப சார்?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுதேர்வுக்கு இன்னும் தேதியே குறிக்கவில்லை. அந்தக் கோப்பு மூன்று வாரமாக இசக்கியப்பன் அறையில்தான் கிடக்கிறது.

அவர் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குப் பாரும்மா. அதுலயே தேதி போட்டிருவோம்."

ரிசீவரை வைத்தார். வைத்ததுமே மறுபடி அடித்தது.

இந்தத் தடவை அவள் எடுத்தாள். அவர் தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார், கோப்பைத் தேட.