செத்தவீட்டில் சிரித்தவள்

அந்தோனியார் அறியச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் உள்துறைமுகத்துத் தண்ணீர் இன்றைக்கே வற்றிப்போகட்டும்! இரண்டு கண்ணாலும் நான் பார்த்தது.

யோசேப்பின் செத்தவீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சும்மா புன்சிரிப்பில்லை. பிணத்தின் காதுக்குள் இங்கிலீசில் ஏதோ சொல்லுவாள். பிறகு தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"ஆரடா உந்தப் பெட்டையை உள்ளுக்கு விட்டது?"

மரண உதவிச் சங்கத் தலைவர் தவராசா, கையிலிருந்த சீட்டுக் கடதாசிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பினார். பந்தலுக்குள் நாங்கள் துரும்பு கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

"பக்கத்து ஹொஸ்டல்ல நிக்கிறவள். மார்த்தாவாம், போலந்தாம்," என்றேன். "தனிய ஊர் சுத்த வந்தது."

"ஊருக்கு மூண்டு நாள், நாளுக்கு ஒரு சிநேகிதம்! எட்டுப்பேர் ஒரு அறைக்குள்ள படுத்தெழும்பினால் உடன உயிர்ச் சிநேகிதர். பஸ் ஏறினால் பேரும் மறந்துபோம். உதுகளுக்குச் செத்தவீடும் ஒண்டு, திருவிழாவும் ஒண்டு!"

ஹொஸ்டல் நடத்துகிற திரேசம்மா குறுக்கே வந்தாள்.

"தலைவர், அது இண்டைக்குக் கண்டிக்குப் போக இருந்த பிள்ளை. இவருக்காகத்தான் நிண்டது. அறையில மற்றதுகளோட அது சேரயில்லை. ஒவ்வொரு பின்னேரமும் மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து யோசேப்பண்ணையோடதான் இருந்தது. புதைக்கிற சேமக்காலை வரைக்கும் கூட வாறனெண்டு கெஞ்சுது."

"கெஞ்சினால்? கனடாவில மகள் லைவில பாக்கிறா. பெட்டிக்குப் பக்கத்தில பல்லுத் தெரிஞ்சால் எங்கட தெருவுக்கு என்ன மரியாதை?"

அந்த மரியாதையையும் கேளுங்கள்.

யோசேப்புக்கு ஒரே மகள், நிலுஷா. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பதால் அவளுக்கு வர ஏலவில்லை. அதனால் ஸ்டூடியோக்கார இன்பாஸ் கமரா வைத்து லைவ் போட்டிருந்தான். அவள் கதைத்தால் கேட்க ஒரு ஸ்பீக்கரும் இருந்தது.

இன்பாஸ் கையைத் தூக்கினால், லைவ் தொடங்கிவிட்டது என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். தவராசா ஓடிப்போய்ப் பெட்டியில் விழுவார்.

"ஐயோ மச்சான், போன கிழமையும் ஒரு கோப்பையில சாப்பிட்டமே!"

யோசேப்பின் படலையைத் திறந்து அவர் உள்ளே வந்து வருசக்கணக்காகிறது. அது கமராவுக்குத் தெரியுமா? பெண்கள் குழறுவார்கள். அந்தக் கண்ணீரில் கொட்டியாரக் குடா ஒரு முழம் ஏறி, கரையில் கிடந்த வள்ளங்களையெல்லாம் இழுத்துக் கட்டினார்கள் என்றால் பாருங்களேன்.

இன்பாஸ் கையை இறக்கினால் கண்ணும் காய்ந்துவிடும். தேத்தண்ணி வரும். கடதாசி வரும். "வீடு வளவை மகள் விக்கிறாளாமோ?" என்ற கதையும் வரும்.

அன்றைக்கு அவன் கை இறங்கியிருந்த நேரம் பார்த்துத் தவராசா பெட்டையின் கதிரையைப் பிடித்து இழுத்தார்.

"எழும்பு! கெற் அவுட்!"

அவளுடைய சிரிப்பு நின்றது. பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பிளீஸ்... புதைக்கிற வரைக்கும்," என்று இங்கிலீசில் கெஞ்சினாள்.

"நோ!"

இரண்டு பேர் அவளின் கையைக் கழற்றி, படலைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"தவராசா மாமா!"

ஸ்பீக்கருக்குள்ளிருந்து வந்தது நிலுஷாவின் குரல்.

எல்லாரும் இன்பாசைத் திரும்பிப் பார்த்தோம்.

"கை தூக்கேல்லையே, எப்பிடியடா லைவ்?" என்று பல்லைக் கடித்தார் தவராசா.

"காலமையிலயிருந்து லைவ்தானே சேர், நான் நிப்பாட்டவே இல்லையே. கமராவை மறைக்கிற ஆக்களை விலகச் சொல்லித்தான் கை தூக்கினனான்."

தவராசா லேசான ஆளில்லை, விண்ணன். அந்த இடத்திலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ மகள்..." என்று தொடங்கினார்.

"வேண்டாம் மாமா. காலமையிலயிருந்து எல்லாம் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அப்பாவுக்குப் போனில முகம் பாத்துக் கதைக்கத் தெரியாது. பின்னேரத்தில அந்தப் பிள்ளைதான் தன்ர போனில என்னை எடுத்துக் குடுக்கிறது. 'நான் செத்தால் எங்கட சனம் குழறும், நீ மட்டும் என்ர பகிடியளைச் சொல்லிச் சிரி' எண்டு அப்பா அவளிட்டக் கேட்டதை நானும் கேட்டனான்."

பிறகு அவள் அமைதியாகச் சொன்னாள்.

"சிரிச்ச பிள்ளை இருக்கட்டும். அழுத ஆக்கள் எல்லாரும் எழும்பி வீட்ட போங்கோ."

இந்தக் கதையை நீங்கள் லிங்கநகர் தொட்டு ஈச்சிலம்பற்று வரைக்கும் சொல்லுங்கள், எனக்கென்ன? ஆர் சொன்னதென்று கேட்டால் மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். நாளைக்கு என் பெட்டியைத் தூக்கவும் தவராசாதான் வரவேண்டியிருக்கிறது.