எட்டு விரல்

ஒரு மில்லி தாய்ப்பால் தொள்ளாயிரம் ரூபாய். புதுத் தொற்றிலிருந்து மீண்ட தாயின் பாலில்தான் அதற்கு மருந்து ஊறுகிறது என்று தெரிந்ததும் ஈரோட்டு மருத்துவமனை ஒன்று ஒட்டிய விலை அது. பிரசவ வார்டில் பன்னிரண்டு தாய்மார் மார்பில் பம்பு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புட்டியில் மாவுப்பால் குடித்தன.

ஆறு நாளாகியும் மகளைத் தொடாத மயிலாத்தாள் பம்பைக் கழற்றி வைத்தாள். அவளுடையது முதல் ரகப் பால். மேலாளர் தேவசகாயம் ஓடி வந்தார்.

"ஆயிரத்தைநூறு தாரேம்மா."

"பணம் யாருக்கு வேணுங்க? ஒரு நாளைக்கு எத்தனை தடவை எம்புள்ளைய மடியில போடுவீங்க? அவ குடிச்ச மிச்சத்தைச் சும்மாவே எடுத்துக்கங்க."

"மெதுவாப் பேசும்மா, மத்தவங்களும் கேப்பாங்க."

"அப்போ துண்டைப் போடுங்க."

அவள் அந்தியூர் மாட்டுத் தரகர் மகள். பிறர் அறியாமல் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது பிறந்த வீட்டுப் பழக்கம். அவர் இரண்டு விரலைத் தொட்டார். அவள் எட்டைப் பிடித்தாள். அவர் மூன்றுக்கு ஏறினார், ஐந்துக்கு ஏறினார், கையுறைக்குள் வியர்த்தது.

"சரிம்மா, எட்டு" என்று முனகினார்.

மயிலாத்தாள் துண்டை உருவி எறிந்து, எட்டு விரலையும் தலைக்கு மேலே தூக்கினாள். "அக்கா, தங்கச்சி! எட்டுக்கு முடிஞ்சிருக்குது. குறைச்சு யாரும் விட்றாதீங்க!"

பதினோரு பம்பும் ஒன்றாக நின்றன. தேவசகாயம் தலையிலடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறக்கச் சொன்னார்.

மறுநாள் கணக்கு: பன்னிரண்டு பிள்ளைகள், எட்டெட்டுத் தடவை, ஆகத் தொண்ணூற்றாறு. கொடுத்தது தொண்ணூற்றைந்து. பாக்கி ஒன்று, மயிலாத்தாள் பேரில். ஏழாவதிலேயே வயிறு முட்டக் குடித்த மகள், எட்டாவதற்கு எழுப்பியும் எழவில்லை.